சனத்துக்கு இலவசம், ஆடுற ஆக்களுக்கு இல்லை

திருகோணமலை

அன்பு மகன்,

நானும் அப்பாவும் நல்ல சுகம். நீ அனுப்பின நிகழ்ச்சி நிரலைப் பார்த்தன். ரொறன்ரோவில ஒரு பார்க்கில, ரிக்கற் இல்லாமல், ஆர் வந்தாலும் புல்லில இருந்து பார்க்கிற நாட்டார் இசை விழா. கேட்கவே சந்தோஷம். ஆனால் ஒரு பின்னேரத்துக்குள்ள பன்னிரண்டு குழு, குழுவுக்கு அஞ்சு, பத்து நிமிஷம் எண்டு போட்டிருக்கிறியள். இதை போனில சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" எண்டு பாதியில வைச்சிருவாய். அதுதான் எழுதுறன்.

போன மாதம் எங்கட கடற்கரையில நடந்த விழாவில என்னைச் சாப்பாட்டுக்கும் உடுப்பு மாத்துற இடத்துக்கும் பொறுப்பா விட்டிருந்தவை. அதால மேடையை நான் அரைகுறையாத்தான் பார்த்தன். மேடைக்குப் பின்னால நடந்தது முழுக்கத் தெரியும்.

மூதூர்ப் பக்கத்தால வந்த கூத்துக்காரர் மத்தியானமே வந்திட்டினம். வடமோடி, கூத்தில ஒரு வகை. தலையில வைக்கிற முடியெல்லாம் பழைய பேப்பரில சுத்தி, பிஸ்கற் பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டு வந்தவை. அஞ்சு மணிக்கு உங்கட ஆட்டம் எண்டு சொன்னபடியால் நாலு மணிக்கே உடுத்தத் தொடங்கியாச்சு. இடுப்பைச் சுத்தி விரிஞ்சு நிக்கிற கரப்புடுப்பு கட்டுறதை நீ கிட்ட நிண்டு பார்த்திருக்கமாட்டாய். இடுப்பில வளையம் வைச்சுத் தனிய ஒருவராலயும் கட்ட ஏலாது, ஒராள் பின்னால நிண்டு இழுத்து முடியவேணும். கட்டின பிறகு கதிரையில இருக்கவும் ஏலாது. மேடையில பேச்சு நீண்டு, பரிசு குடுத்து, பிறகும் பேச்சு. ராசா வேஷம் போட்டவர் அறுபது வயசுக்கு மேல, தச்சு வேலை செய்யிற மனிசன். ஏழரை மணி வரைக்கும் சுவரில ஒரு கையை ஊண்டிக்கொண்டு நிண்டார். பிளேன்ரீ நீட்டினன். "வேண்டாம் ரீச்சர், பிறகு ஒதுங்கப் போறதெண்டால் எல்லாத்தையும் அவிழ்க்கவேணும்" எண்டார்.

அப்பதான் அறிவிப்புச் செய்யிற பெடியன் ஓடி வந்து, நேரம் போட்டுது, பத்து நிமிஷத்தில முடியுங்கோ எண்டான். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பத்து நிமிஷத்தில கட்டியகாரன் வந்து போவான் தம்பி. ராசா இன்னும் வெளிக்கிடமாட்டார்." பெடியனுக்கு விளங்கவே இல்லை. உனக்கு விளங்கும் எண்டு நினைக்கிறன். கட்டியகாரன் முதல் வந்து ராசா வாறதைச் சொல்லுற ஆள். வரவுப் பாட்டும் வரவு ஆட்டமும் இல்லாமல் வடமோடியில ராசா வாறதில்லை. அதை வெட்டினால் மிச்சம் உடுப்புத்தான்.

கூத்தைச் சுருக்கக்கூடாது எண்டு நான் சொல்லவரேல்லை. 1960களில பேராதனையில பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடுற கூத்தை மேடைக்கு ஏத்த மாதிரிச் சுருக்கித்தான் கொண்டுவந்தவர். ஆனால் அண்ணாவியாரைப் பக்கத்தில வைச்சு, மாணவரைப் பழக்கி, எது போகலாம் எது நிக்கவேணும் எண்டு பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. மைக்கில கூப்பிட முதல் சொல்லுற சுருக்கம் வேற சாதி.

இன்னொண்டு, மேடை. கூத்துக்கு ஊரில வட்டக்களரி. நாலு பக்கமும் சனம், நடுவில அண்ணாவியாரும் சல்லரித் தாளம் போடுறவரும் பிற்பாட்டுக்காரரும், அவையைச் சுத்தித்தான் ஆட்டம். இங்க அண்ணாவியாரை மேடையில ஒரு மூலையில மைக்குக்கு முன்னால நிப்பாட்டினாங்கள். ஆடுறவர் திரும்பினால் தாளக்காரரின்ர முகம் தெரியாது. ரெண்டு தருப் பாட்டு முடியேல்லை, அண்ணாவியார் மத்தளத்தோட கீழ இறங்கிட்டார். பின்னால முழுக் குழுவும் இறங்கினது. மணலில கால் புதையும் எண்டு ரோட்டுப் பக்கத்து இறுகின தரைக்குப் போச்சினம். சனம் தானாகவே வட்டமாச்சு. கச்சான் விக்கிறவர் கூட வண்டியைத் தள்ளி இடம் விட்டவர். மைக் இல்லை, சதங்கைச் சத்தம் ரோட்டுக்கு அங்கால கேட்டுது. அரை மணித்தியாலத்துக்கு மேல ஆடினவை, ஒருத்தரும் எழும்பேல்லை. சவுண்ட்காரனுக்கு மட்டும் கோபம்.

அதால சொல்லுறன், உங்களுக்குப் பார்க் கிடைச்சது அதிர்ஷ்டம். மண்டபமெண்டால் இது ஏலாது. மேடையைப் பாட்டுக்காரருக்கு விடுங்கோ, கூத்துக்குத் தரையில ஒரு வட்டம் விடுங்கோ.

அம்பா பாட்டுக்காரரைப் பற்றியும் கேட்டிருந்தாய். வலை இழுக்கேக்க பாடுறதுதான் அம்பா. வந்தவை கரைவலை இழுக்கிற ஆக்கள், வயசான ஆறேழு பேர். இப்ப கன இடத்தில வலையை உழவு மெசினில கட்டி இழுக்கிறாங்கள், அதுக்குப் பாட்டுத் தேவையில்லை. இவையை மேடையில வரிசையா நிக்கவைச்சு, ஆளுக்கொரு மைக் குடுத்துப் பாடச் சொன்னாங்கள். முன்பாட்டுக்காரர் தொடங்கினார், மற்ற ஆக்களுக்குக் குரல் வரேல்லை. ஒருத்தர் தொடங்க மற்றவர் பிந்த, எல்லாம் குழம்பிப் போச்சு. சனம் சிரிச்சது. முன்பாட்டுக்காரர் இறங்கிப் போய் கரையில கிடந்த வள்ளத்தில ஒரு கயிறு எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு அந்தத்தை மேடைத் தூணில கட்டி, மற்றதைக் கையில குடுத்து, "இழுங்கடா" எண்டார். பிறகு பாட்டு வந்துது பார். குதி ஊண்டி, உடம்பு பின்னால சாய, மூச்சு விடுற இடத்தில "ஏலேலோ". தூண் ஆடினதால ரெண்டு பொலிஸ்காரர் போய்ப் பிடிச்சுக்கொண்டு நிண்டவை! உன்ர நிரலில "அம்பா பாடல், 5 நிமிடம்" எண்டு இருக்குது. நேரம் காணும். கயிறைத்தான் காணேல்லை.

கிண்ணியாவில இருந்து கம்பு தட்டி ஆடுற களிகம்புக்காரரும் றபான் மேளம் அடிக்கிற பெரியவரும் வந்தவை. 2009ல பாலம் திறக்க முதல், இரவு நிகழ்ச்சிக்கு அவையைக் கூப்பிடுறதெண்டால் பாதைப் படகு எத்தினை மணி வரைக்கும் ஓடும் எண்டு கேட்டுத்தான் கூப்பிடவேணும். இப்ப அந்தக் கரைச்சல் இல்லை. ஆனால் மஃரிப் தொழுகை நேரத்தில அவையின்ர பேரைப் போட்டிருந்தாங்கள். நான் சண்டை பிடிச்சுப் பாலையூற்றுப் பறங்கியரின்ர வயலின், கிற்றார் கோஷ்டியை முன்னால மாத்தினன். அவையின்ர பழைய போர்த்துக்கீசப் பாட்டுக்கு ஒரு சொல்லும் விளங்காமலே சனம் எழும்பி ஆடினது. உங்கட கோடையில சூரியன் ஒன்பது மணிக்குத்தான் விழுகிறதாம், நீயும் நேரத்தைப் பார்த்துப் போடு.

இனிக் காசுக் கதை. உன்ர குழுவில ஆரோ "இது இலவச விழாதானே, கலைஞருக்கும் ஒரு சந்தர்ப்பம் குடுக்கிறம்" எண்டு சொன்னதா எழுதியிருந்தாய். அந்த ஆளுக்கு இதை வாசிச்சுக் காட்டு. ஊரில கூத்துக்கு ரிக்கற் போடுறதில்லை. ஆனால் ஆடுறவைக்குப் பங்கைப் பிரிச்சுச் சட்டம் குடுத்த நாளில இருந்து சதங்கை கட்டி, ஒத்திகையா அடுக்குப் பார்த்து, அரங்கேற்றம் வரைக்கும் செலவை ஊர் சுமந்தது. தேத்தண்ணி, எண்ணெய், களரிக்குப் பந்தல் எல்லாம் ஊர்க் காசு. அரங்கேற்றின பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடேக்க, வாசலில குடுக்கிறது அண்ணாவியாருக்கும் ஆடினவைக்கும். பார்க்கிறவன் காசு குடுக்கேல்லை எண்டதுக்காக ஆடினவன் சும்மா ஆடேல்லை.

இங்க என்ன நடந்தது தெரியுமோ? பொன்னாடை, சான்றிதழ், கண்ணாடியில ஒரு ஞாபகச் சின்னம், எல்லாருக்கும் ஒரு சோத்துப் பார்சல். வானுக்குக் காசு பிறகு தாறமெண்டு சொல்லிப்போட்டு ஏற்பாட்டாளர் போனை எடுக்கேல்லை. தச்சுவேலைக்காரர் அடுத்த நாள் வேலைக்கும் போகேல்லை, கால் வீங்கிப் போச்சு. வான்காரனுக்கு அண்ணாவியார்தான் தன்ர கையால குடுத்தவர். பொன்னாடை இவருக்கு ஒரு அலுமாரி நிறைய இருக்குதாம், மனிசி தலையணைக்கு உறை தைக்கிறாவாம். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார்.

நீ கேட்டபடி கோடைக்கு வாறதைப் பற்றி அவரோட கதைச்சன். வருவார். தனிய வரமாட்டார், சல்லரிக்கு ஒருத்தரும் பிற்பாட்டுக்கு ரெண்டு பேரும் வேணுமாம். ஆடுறதுக்கு அங்கத்தப் பிள்ளையளையே பழக்கலாமாம், பொம்பிளைப் பிள்ளையளும் ஆடலாமாம், ஆனால் ஒரு மாதம் முந்தியே வரவேணும் எண்டார். வான் காசு, சாப்பாடு, கைக்காசு எல்லாத்தையும் தாளில எழுதிக் குடுக்கச் சொல்லு, பாதியை வெளிக்கிட முதலே அனுப்பச் சொல்லு. விசாவுக்கு அழைப்புக் கடிதமும் இந்த மாதத்துக்குள்ள வந்தால்தான் கொழும்புக்கு அலைய நேரம் காணும்.

பார்க்கில எந்த இடத்தில வட்டம் போடலாம் எண்டு போய்ப் பார், எத்தினை அடி அகலம், தரை இறுக்கமோ மெதுவோ எண்டு எழுது. அண்ணாவியார் ரெண்டு தரம் கேட்டிட்டார்.

பேத்தியைக் கேட்டதாச் சொல்லு.

அம்மா