பள்ளத்தை மூடும் முன் சோதித்துக் காட்டுங்கள்

குடிநீர்க் குழாய்த் திட்டங்களுக்கு ஒப்புதல் தந்து, இறுதிப் பில்லில் கையெழுத்திடும் பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

குழாய் பதித்தாயிற்று, பள்ளம் மூடியாயிற்று, மேலே சாலையும் போட்டாயிற்று. கடைக்கோடித் தெருவுக்கு மட்டும் தண்ணீர் ஏறவில்லை. மனுக்கள் உங்களிடமே இருப்பதால் பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பள்ளத்தை மூடும் முன், ஊரார் முன்னிலையில் அழுத்தச் சோதனை, அதாவது குழாயில் நீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் சோதனை, செய்யுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் இறுதிப் பில்லை அனுமதிக்காதீர்கள்.

அழுத்தம் இல்லாத தெருவில் என்ன நடக்கிறது தெரியுமா? வாசலில் குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். பெண்கள் அந்தக் குழிக்குள் இறங்கி, குத்தவைத்து உட்கார்ந்து, சொம்பால் மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். சப்ளை நின்றதும் குழியில் சாக்கடை நீர் தேங்குகிறது. குழாயில் நீர் வடியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அந்தச் சாக்கடையையே உறிஞ்சிக்கொள்கிறது. மறுநாள் முதலில் வருவது அதுதான். யாராவது நேரடியாக மோட்டார் போட்டு இழுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சோதனைக்குத் தண்ணீர் இல்லை என்ற சமாதானத்தை ஏற்க முடியவில்லை. உள்விட்டம் 100 மி.மீ. உள்ள குழாய் 1 கிலோமீட்டர் நீளத்துக்கு நிரம்ப, ஏறத்தாழ 7,850 லிட்டர் போதும். 3 மி.மீ. ஓட்டை ஒன்று, 3 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் ஒரே நாளில் அதைவிட அதிகமாக மண்ணுக்குள் விட்டுவிடும்.

செய்முறையும் புதிதல்ல. குழாயின் உடற்பகுதிக்கு மட்டும் மண் போட்டு, ஜாயின்ட்டுகளைத் திறந்தே வைக்க வேண்டும். தாழ்வான முனையிலிருந்து மெதுவாக நீர் ஏற்றி, மேட்டுப் பகுதிகளின் ஏர் வால்வுகள் வழியாகக் காற்றை முழுதும் வெளியேற்ற வேண்டும். காற்று தங்கிவிட்டால் அழுத்தம் காட்டும் கேஜின் முள் காட்டும் எதையும் நம்ப முடியாது. வேலை அழுத்தம், அதாவது குழாய் வழக்கமாகத் தாங்க வேண்டிய அழுத்தம், 6 பார் என்றால் சோதனை 9 பார். கேஜைத் தாழ்வான இடத்தில் பொருத்துங்கள். மேட்டில் பொருத்தினால், 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ 1 பார் வீதம் கீழே அழுத்தம் கூடிவிடும். எச்.டி.பி.இ. எனும் பிளாஸ்டிக் குழாய் அழுத்தத்தில் சற்று விரியும், அதனால் முதலில் முள் இறங்குவதைக் கசிவென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விரிவு அடங்கும்வரை நீர் ஏற்றிவிட்டு, அதன் பிறகே கணக்குப் பார்க்க வேண்டும்.

110 மி.மீ. முனைமூடியை 9 பார் அழுத்தம் ஏறத்தாழ 870 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். ஆகவே பெண்டு (வளைவு), டீ (கிளை பிரியும் இடம்), முனை ஆகிய இடங்களில் குழாயை நகராமல் தாங்கும் கான்கிரீட் இறுகிய பிறகே சோதிக்க வேண்டும். எதிரில் யாரும் நிற்கக் கூடாது.

எது தவறுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். வெட்டிய முனையைத் துடைக்காமல் தூசியோடு ஒட்டுகிறார்கள். சூடாக்கி ஒட்டிய ஜாயின்ட் ஆறும் முன்பே, அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைக் கழற்றுகிறார்கள். மணல் படுக்கை இல்லாமல் கல்லின் மேலேயே குழாயைக் கிடத்துகிறார்கள். 110 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 90 மி.மீ. பதிக்கிறார்கள். பார்வைக்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் அதே அளவு நீர் ஓடும்போது உராய்வு இழப்பு இரண்டரை மடங்குக்கு மேல் போகும். மேட்டுத் தெரு வறண்டு கிடப்பதற்கு இது ஒன்றே போதும். இதை அழுத்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. பள்ளம் திறந்திருக்கும்போது குழாயின் மேல் அச்சிட்டுள்ள விட்டத்தைப் படித்தால் தெரிந்துவிடும். திறந்த பள்ளத்தை வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எத்தனை கிலோமீட்டர் பதித்தோம் என்று மட்டும் எண்ணுகிற வழக்கம் எங்களை வெகுவாக வருத்துகிறது. நீளம் எழுதும் அளவுப் புத்தகத்தில், கடைசி வீட்டில் கிடைத்த அழுத்தத்துக்கு ஏன் இடமில்லை? அறிக்கையில் இணைப்பு என்று கணக்கில் இருப்பதை நம்பி அந்த வீட்டார் குடத்தோடு காத்திருக்கிறார்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறோம். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறோம். இனிப் பதிக்கும் ஒவ்வொரு பகுதியிலும் பள்ளம் மூடும் முன் சோதனை நடக்கட்டும். நாளையும் நேரத்தையும் முன்கூட்டி அறிவியுங்கள். குடிநீர் விடும் முன் குழாயைக் கழுவி, லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளோரின் கலந்த நீரை 24 மணி நேரம் நிறுத்தி, அதன்பின் நன்றாக வெளியேற்றுங்கள். ஏற்கெனவே மூடிய பாதைகளில், சப்ளை நேரத்தில் கடைசி இணைப்பில் ஒரு கேஜ் மாட்டி அளந்து, அந்த எண்ணை எழுத்தில் எங்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடைக்கோடித் தெருக்களின் குடிநீர்ப் பயனாளிகள்