மண்டபத்துப் பின்கட்டைத் திறந்து விடுங்கள்: ஒரு மலேசிய ஆலய நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை இரவு நம் மண்டபத்தில் நடந்த பட்டிமன்றத்தின் தீர்ப்பு உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் இருந்து கேட்டீர்கள். நாங்கள் அடுப்படியில் ரசப் பானையைப் பார்த்துக்கொண்டே கேட்டோம். பிள்ளைப்பேறு குறைந்ததற்குப் பெண்ணின் படிப்பும் வேலையும்தான் காரணம் என்று நடுவர் ஐயா முடித்தார். நீங்கள் பொன்னாடை போர்த்தினீர்கள். கைதட்டல் ஓயும் முன்பே ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "என்னம்மா, சாப்பாடு ரெடியா?" என்றார். இரண்டு அணியிலும் பேருக்குக்கூட ஒரு பெண் இல்லை. அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. எங்கள் கோரிக்கை பழையதுதான்: மண்டபத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பழைய பாலர் பள்ளிக் கட்டடத்தை, விடிகாலையிலேயே திறக்கும் பிள்ளைக் காப்பகமாக நடத்த அனுமதி கொடுங்கள். பொதுக்கூட்டத்தில் கேட்டபோது "பார்க்கலாம்" என்றீர்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

என் பக்கத்து வீட்டுத் தங்கச்சியை உங்களுக்கும் தெரியும், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவள். அவளும் வீட்டுக்காரரும் சுங்கைப் பட்டாணியில் ஒரே தொழிற்சாலை. ஒருவர் பகல் ஷிப்ட் என்றால் மற்றவர் இரவு ஷிப்ட். பிள்ளைக்காகத்தான் அப்படி வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் பகல் ஷிப்டுக்குப் போகிறவரைத் தொழிற்சாலை பஸ் காலை 5.45-க்கே ஏற்றிக்கொண்டு போய்விடும். இரவு ஷிப்ட் முடிந்தவர் வீடு வந்து சேர எட்டு மணி ஆகும். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வீட்டில் பெரியவர் யாரும் இல்லை. பிள்ளை பார்க்கும் அக்காவோ ஏழு மணிக்கு முன் கதவைத் திறப்பதில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் வீட்டிலும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தையும் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மூத்த பெண்தான் பார்த்துக்கொள்கிறாள். ஃபிளாஸ்கில் வெந்நீர், பக்கத்தில் அளந்து வைத்த பால் மாவு. தம்பி அழுதால் கலக்கிக் கொடுக்க வேண்டும், சிரிப்பு வராவிட்டாலும் சிரித்துக் காட்ட வேண்டும். யார் கதவைத் தட்டினாலும் திறக்கக் கூடாது. பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டுதான் இத்தனையும், அப்பா வந்ததும் ஓட வேண்டுமே. பள்ளி மணி 7.30-க்கு அடித்துவிடும். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே தாமதம், தாமதம், தாமதம். ஆசிரியர் காரணம் கேட்டால் வாயைத் திறப்பதில்லை. அம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அன்று மேடையில் ஒருவர், "மூணு பெத்தா இனம் வாழும்" என்றார். அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த தங்கச்சி, "ரெண்டாவதை ரெண்டு மணி நேரம் யாராவது பிடிச்சுக்குங்க, மூணாவதைப் பத்தி யோசிக்கிறேன்" என்றாள். அன்றைக்கு நான் கேட்ட நல்ல வாதம் அது ஒன்றுதான்.

பெண் வேலைக்குப் போனது புது வழக்கமா ஐயா? உங்கள் அம்மாவும் என் பாட்டியும் விடியும் முன் ரப்பர் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, மரம் சீவும் நிரைக்குப் போனவர்கள்தானே. பால்மரம் சீவிக்கொண்டேதான் வரிசையாகப் பெற்றார்கள். அப்போது லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை இருந்தது. அது சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். வரிசையாக ஏணைகள், ஒரே ஒரு ஆயா, ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். ஆனாலும் அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு அது திறந்திருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய் செம்பனை வந்து, லயத்திலிருந்து பட்டணத்து மலிவு விலை வீட்டுக்கு நாம் மாறியபோது சாமியைத் தூக்கி வந்தோம், உறுமி மேளத்தைத் தூக்கி வந்தோம். ஆயாக் கொட்டகையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம்.

ஆணும் பெண்ணும் வேறு என்று மேடையில் சொன்னதை நான் மறுக்கவில்லை. சுமப்பது நாங்கள், பால் கொடுப்பது நாங்கள், வயது முப்பத்தைந்தைத் தாண்டினால் கருத்தரிப்பது கடினமாவதும் எங்களுக்குத்தான். ஆனால் பீ துணி அலசுவதற்கும் விடிகாலையில் பால் கலக்குவதற்கும் எந்த ஹார்மோன் வேண்டும்?

படிப்புதான் காரணம் என்ற தீர்ப்பிலும் பாதிதான் உண்மை. படித்த பெண் தாமதமாகக் கட்டுகிறாள், குறைவாகப் பெறுகிறாள், சரி. ஆனால் இது நம் வீட்டுப் பெண்கள் கூடிச் செய்த சதி இல்லை. 1970-இல் மலேசியப் பெண்ணுக்குச் சராசரியாக 4.9 பிள்ளைகள், 2022-இல் 1.6. தலையில் முக்காடு கட்டாயமான ஈரானில்கூட 1980-களில் ஆறுக்கு மேல் இருந்தது, இருபதே ஆண்டுகளில் இரண்டு அளவுக்கு வந்துவிட்டது. தென்கொரியாவில் 2023-இல் 0.72. வீட்டு வேலையில் ஆண் கை வைக்காத நாடு என்று பேர் வாங்கிய நாடு அது. பணத்தைக் கொட்டிப் பார்த்தும் அங்கே பலிக்கவில்லை. விடுப்பும் காப்பகமும் தாராளமாகக் கொடுக்கும் பின்லாந்திலும் 1.3-தான். ஆகவே காப்பகம் திறந்தால் மறு வருடமே கோயிலில் தொட்டில் நிரம்பும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இடம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது, அப்பாவுக்கும் 7 நாள் கிடைத்தது. 99-ஆம் நாள் காலை 5.45-க்கு பஸ் வந்து நிற்குமே, அதற்கு என்ன பதில்? காப்பகக் கட்டணத்துக்கு 3,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு உண்டு. அது வருமான வரி கட்டுகிறவர்களுக்கு, அதிலும் பதிவு பெற்ற காப்பகமாக இருக்க வேண்டும். நம் வட்டாரத்தில் பதிவு பெற்ற காப்பகம் எதுவும் அந்த நேரத்துக்குத் திறப்பதில்லை.

எழுத வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாட்டின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் ஆணைவிடப் பெண் அதிகம். நம் பையன்கள் எங்கே? படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்று அம்மாமார் நவக்கிரகத்தைச் சுற்றுகிறார்கள். படிப்பைப் பாதியில் விட்ட பையன்கள் திருவிழாவில் ஒரே மாதிரி சட்டை போட்டுக் கொடி பிடித்து ஆடுகிறார்கள், செலவுக்கு உபயம் நம் பெரியவர்கள். அவர்களைப் பற்றிப் பட்டிமன்றம் வைத்தால் நானே ரசம் வைத்துத் தருகிறேன். அவள் படிப்பைக் குறைப்பதைவிட இவன் படிப்பைக் கூட்டுவது சுலபம் என்று ஒரு நடுவர் சொல்லட்டும்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. பெரியவர்களைக் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. இந்தக் கோயிலைத் தோட்டத்திலிருந்து பெயர்த்து வந்து நட்டவர்கள் நீங்கள், அந்த நன்றி எங்களுக்கு உண்டு.

பின்கட்டில் இப்போது இருப்பவை பழைய நாற்காலிகளும் தேர் அலங்கார விளக்குகளும்தான். அவற்றை எடுத்து அடுக்க ஆள் இருக்கிறது. சமூக நல இலாகா, பொம்பா என்னும் தீயணைப்புத் துறை, நகராண்மைக் கழகம் என்று பதிவுக்கு அலைவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பயிற்சி எடுத்துப் பிள்ளை பார்க்க இரண்டு பெண்கள் தயாராக இருக்கிறார்கள். தண்ணீர், மின்சாரக் கட்டணத்தைப் பெற்றோர் பிரித்துக் கட்டுவார்கள். கோயிலுக்கு ஒரு சென் செலவில்லை.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, கட்டடத்தைப் பயன்படுத்தச் சம்மதக் கடிதமும் சாவியும் கொடுத்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கூட்டத்துக்கு எங்களில் இருவரை அழைத்தால் வந்து விளக்குகிறோம். மாலை ஏழு மணிக்கு முன் வேண்டாம், அப்போதுதான் ஷிப்ட் முடியும்.

இப்படிக்கு,
அடுப்படியில் இருந்தவர்களின் சார்பில்,
உங்கள் உபயக்காரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி