பத்மினியைத் தனியா இறக்காதே

தாம்பரம்,
ஞாயிறு ராத்திரி

சேகரா,

உங்கம்மாவுக்கு முழங்கால் வலி இப்போ தேவலையா? இங்கே எல்லாரும் சௌக்கியம். எட்டு மாசமா உனக்கு ஒரு வரி எழுதலை, போன்லயும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசலை. தப்புதான். திட்டறதை எல்லாம் சேர்த்து வை, நேர்ல வாங்கிக்கறேன்.

இன்னிக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் உன் தம்பி. பொங்கல் லீவுல உன் பத்மினி கார் இன்ஜினை வாசல்லயே இறக்கப் போறியாம். "ஆள் எதுக்கு, நான் ஒருத்தனே போதும்"னு சொன்னியாம். டேய், இதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு நட்டைக்கூடத் தொடாதே. என் அம்பாசடர் இன்ஜினை நானும் என் பையன் பெரியவனும் இறக்கி, ஏத்தி, முடிச்சு இன்னியோட ஒன்பது நாள் ஆகுது. எதுவும் மறக்கறதுக்குள்ள உனக்குச் சொல்லிடணும்.

அப்பாவோட அம்பாசடரை விக்கச் சொல்லி வீட்டுல எத்தனை பஞ்சாயத்து நடந்ததுன்னு உனக்குத் தெரியும். 2014 மே மாசம் உத்தரபாரா ஃபேக்டரியில அம்பாசடர் உற்பத்தியை நிறுத்தினப்போ நீதான் முதல்ல போன் பண்ணி, "இனிமே உன் வண்டிக்கு மதிப்புடா"ன்னே. மதிப்பு இருக்கட்டும், போன வருஷம் 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிச்சுது. சிக்னல்ல நின்னு கிளம்பினா பின்னாடி நிக்கிற பைக்காரன் முகத்தைத் திருப்பிக்குவான், அவ்வளவு நீலப் புகை. கம்ப்ரஷன் கேஜ் வெச்சு சிலிண்டர் அழுத்தத்தைப் பாத்தேன். மத்த மூணும் 120க்கு மேல காட்டுது, மூணாவது சிலிண்டர் 70ல நிக்குது. ஒர்க்ஷாப்ல விட்டா ரெண்டு மாசம், அதுவும் நம்ம கண்ணுல படாம. எனக்கு மனசு ஒப்பலை. பெரியவன் காலேஜ் லீவு. "நாமளே இறக்கலாம்பா"ன்னான்.

இறக்கறதுன்னு பேரு, ஆனா மேல தூக்கித்தானே வெளியே எடுக்கணும். பானெட், ரேடியேட்டர், கார்புரேட்டர், டைனமோ எல்லாம் ஒரே நாள்ல கழண்டுது. முதல் நாளே ஒரு பாடம். 13 எம்எம் ஸ்பேனரை அரை இன்ச் நட்டுல போட்டா உட்காரும், ஆனா 0.3 எம்எம் ஆட்டம் இருக்கும். துரு பிடிச்ச நட்டுன்னா அந்த ஆட்டமே முனையை மழுக்கிடும். மேனிஃபோல்டுல ஒண்ணு அப்படிப் போச்சு, உளி வெச்சுத்தான் எடுத்தோம். அப்புறம்தான் அப்பாவோட பழைய தகரப் பெட்டியைப் பரண்லேருந்து இறக்கினேன். 7/16, 1/2, 9/16, எல்லாம் துணியில சுத்தி வரிசையா வெச்சிருந்தார். மேலே ஒரு அட்டையில அவர் கையெழுத்துல "வேலை முடிந்ததும் எண்ணவும்"னு எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் வேலை ஓடலை.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இன்ஜினைத் தூக்கற செயின் பிளாக்கும், அதைத் தொங்கவிட இரும்பு பைப்புல மூணு காலும் வாடகைக்கு எடுத்தோம். போர்ட்டிகோ தரை மொசைக். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கற பெல் ஹவுசிங் போல்ட் எல்லாம் எடுத்தாச்சு, முன்பக்கம் தொங்காம இருக்க கியர்பாக்ஸைக் குறுக்குப் பைப்புல கயிறு கட்டி நிறுத்தியாச்சு. இன்ஜின் மேலே வந்துடுச்சு. இன்ஜின் அப்படியே தொங்கணும், வண்டியைத்தான் பின்னாடி தள்ளணும். தள்ளும்போது இன்ஜின் அடியில இருக்கற ஆயில் சம்ப் எங்கேயாவது இடிக்குதான்னு பாக்க, பெரியவன் கையை உள்ளே விட்டு, "இன்னும் தள்ளுங்கப்பா"ன்னு சொல்லிட்டு எடுத்தான். எடுத்த அடுத்த நொடி ஒரு கால் தரையில வழுக்கிச்சு. நாலு இன்ச்தான். இன்ஜின் ஒரு ஊசல் ஆடி, அவன் கை இருந்த இடத்துல, வண்டியோட குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் மேல போய் இடிச்சுது. சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டு மாமி வெளியே வந்துட்டாங்க.

சேகரா, அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலை. மூணு காலையும் ஒண்ணோட ஒண்ணு கயிறால கட்டணும்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். மொசைக் தரையில சொட்டின ஆயிலை யாரும் தொடைக்கலை, "அஞ்சு நிமிஷ வேலை"ன்னு கயிறும் கட்டலை. அவனுக்கு ஒண்ணும் ஆகலை. காலையில எழுந்து மூணு காலையும் சுத்திக் கட்டி, ஒவ்வொரு காலுக்கும் அடியில சாக்கு மடிச்சு வெச்சேன். தொங்கற இன்ஜினுக்குக் கீழே யாரும் கையையோ தலையையோ விடக் கூடாது, பாக்கணும்னா டார்ச்சும் கண்ணாடியும் வெச்சுப் பாக்கணும்னு சொல்லிட்டேன். உன் பத்மினி இன்ஜின் 1089 சிசி, என்னோடது 1489. சின்ன இன்ஜின்னு நினைக்காதே. கை நசுங்கறதுக்கு அதுவே தாராளம். நீ தனியா இருந்து வழுக்கினா, செயினைப் பிடிக்கக்கூட ஆள் கிடையாது.

லேத் வேலையைப் பத்தி எழுத ஒண்ணுமில்லை. நம்ம லேத் பாய்தான் சிலிண்டரைக் கடைஞ்சு குடுத்தார், உன்னை ரொம்ப விசாரிச்சார். பிஸ்டன் செட் ஜி.பி. ரோட்டுல கிடைச்சுது. மவுண்டிங் பிராக்கெட்டுக்குப் புதுப்பேட்டையில ஒரு முழு நாள் அலைஞ்சேன். அதே டீக்கடை, அதே மசால் வடை, நீ இல்லாம நல்லா இல்லை.

ஏத்தறதுதான் உண்மையான வேலை. கிளட்ச் பிளேட்டைப் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒண்ணை விட்டு நடுவுல நிறுத்திதான் முடுக்கினோம். இன்ஜினை மெதுவா இறக்கி, வண்டியை முன்னாடி தள்ளி, வண்டி கியர்பாக்ஸோட ஷாஃப்ட் நுனி பிளேட்டுக்குள்ள போச்சு. கடைசி ஒரு இன்ச் போகலை. காலை பத்து மணிலேருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அந்த ஒரு இன்ச். ஆட்டினோம், தள்ளினோம், சாப்பிடாம தள்ளினோம். நாலு மணிக்கு எனக்குப் பொறுமை போச்சு. நீளமா ரெண்டு போல்ட் எடுத்து ரெண்டு பக்கமும் போட்டு முடுக்கி இழுத்துடலாம்னு ஸ்பேனரை எடுத்துட்டேன். 1991ல நீ எடுத்தியே, அதே மாதிரி. அப்போ அப்பா என்ன சொன்னார்னு உனக்கு ஞாபகம் இருக்கும்.

பெரியவன் சொன்னான், "இருங்கப்பா, மேலே இருக்கற சந்தும் கீழே இருக்கற சந்தும் ஒண்ணா இல்லை." தீப்பெட்டியை எடுத்துட்டு வந்தான். மேலே பெட்டி படுத்தவாக்குல தாராளமா போகுது. கீழே உள்தட்டை உருவி எடுத்துட்டு வெறும் உறையை அமுக்கினாத்தான் போகுது. அதாவது கியர்பாக்ஸ் மூக்கு தூக்கிட்டு நிக்குது, நாங்க இன்ஜினை நேரா தள்ளிட்டு இருக்கோம். ரெண்டு முகமும் ஒண்ணுக்கொண்ணு நேரா இல்லாம போல்ட் போட்டு இழுத்திருந்தா, கிளட்ச் பிளேட் நடுவுல வளைஞ்சிருக்கும், இல்லேன்னா ஹவுசிங் காது உடைஞ்சிருக்கும். கியர்பாக்ஸ் அடியில வெச்சிருந்த ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கினான். மறுபடி தீப்பெட்டி. இன்னும் கொஞ்சம் இறக்கினான். மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி வந்ததும், நாலாவது கியர்ல போட்டு, அவன் ஸ்பேனர் வெச்சு கிராங்க் புல்லியை ஒரு பல் அளவுக்குத் திருப்பினான். நான் தோளால இன்ஜினைத் தாங்கிட்டு நின்னேன். ஷாஃப்ட்டும் பிளேட்டும், ஸ்ப்ளைன் பல்லோட பல் சேர்ந்தது என் தோளுக்கே தெரிஞ்சுது. அந்த ஒரு இன்ச் எந்த பலமும் இல்லாம, வெண்ணெய்ல கத்தி போன மாதிரி உள்ளே போச்சு. போல்ட் எல்லாம் கையாலயே ஏறிச்சு.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பிளக் நாலையும் கழட்டிட்டு, ஆயில் லைட் அணையற வரைக்கும் சுத்த விடணும்னு பாய் சொல்லியிருந்தார். புது பேரிங்ல காஞ்சு ஓடக் கூடாது. சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் முனகுது, சுத்தலை. ரெண்டாவது தடவை சோக் கேபிள்லேருந்து புகை. உறை சிவக்க ஆரம்பிச்சிடுச்சு. பெரியவன் பாய்ஞ்சு பேட்டரி டெர்மினலைப் பிடுங்கினான். நீயா இருந்தா அந்த நொடியே கண்டுபிடிச்சிருப்பே. எங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சு. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற எர்த் பட்டை, மவுண்டிங் நட்டெல்லாம் போட்டு வெச்ச ஆயில் தட்டுல முழுகிக் கிடக்குது. ஸ்டார்ட்டரோட மொத்த கரண்ட்டும் திரும்பிப் போக வழியில்லாம அந்த மெல்லிசு சோக் கேபிள் வழியாப் போயிருக்கு. கழட்டின ஒவ்வொரு ஒயரையும் பேப்பர்ல எழுதி வெச்சோம். இது ஒயர் மாதிரி இல்லையா, எழுதாம விட்டுட்டோம். உன் லிஸ்ட்ல முதல் வரியா எர்த் பட்டையை எழுது.

பட்டையைத் தேச்சுப் போட்டதும் சுத்திச்சு. லைட் அணைஞ்சுது. பிளக்கைப் போட்டு, சிலிண்டர் எரியற 1-3-4-2 வரிசையை ரெண்டு தடவை சரிபாத்துட்டு மறுபடி அடிச்சேன். மூணாவது சுத்துல பிடிச்சுடுச்சு. அம்மா பூஜை ரூம்லேருந்து ஓடி வந்து, "உங்கப்பா சத்தம்டா"ன்னாங்க. ஸ்பேனரை எல்லாம் பெரியவன் எண்ணி வெச்சான்.

இப்போ 60க்கு மேல போகாம ஓட்டிட்டு இருக்கேன். 500 கிலோமீட்டர் ஆனதும் ஹெட் நட்டை மறுபடி முடுக்கணும். போன தடவை பாய்கிட்ட டார்க் ரெஞ்ச், அதான் நட்டை அளவா முடுக்கற ஸ்பேனர், கடன் வாங்கினேன். என்னோடது நாலு வருஷமா உன் வீட்டு மரப்பெட்டியில இருக்கு, மறந்துட்டேன்னு நினைக்காதே. பொங்கலுக்கு மறுநாள் நானும் பெரியவனும் அந்த வண்டியிலேயே வர்றோம். மூணு காலும் கயிறும் நான் கொண்டு வர்றேன். நீ ரெஞ்சைத் தேடி எடுத்து வை, போர்ட்டிகோவைக் கழுவி வை. அதுவரைக்கும் பத்மினி பானெட்டை மூடி வை.

உன்,
ரகு