இறந்தவர் பெயருக்குப் போன ரீகால் கடிதம்: வாகனப் பதிவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவில் வாகனப் பதிவையும் நுகர்வோர் பாதுகாப்பையும் கவனிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏர்பேக் சாஃப்ட்வேர் பிழைக்காக என் கார் மாடல் பழுது நீக்கத் திரும்ப அழைக்கப்பட்ட (ரீகால்) விவரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியவில்லை. பின் பம்பர் நசுங்கி, டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு பேனல்பீட்டரிடம் (நசுங்கிய வண்டியைச் சரிசெய்பவரிடம்) விட்டிருந்தேன். அங்கே வேலை செய்யும் பையன் சேசிஸ் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்த வண்டிக்கு ரீகால் இருக்கே, இன்னும் செய்யலையா?" என்றான். அறிவிப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் புனித வெள்ளி மாரியம்மன் திருவிழாவுக்கு என் மாமியாரை முன் சீட்டில் உட்காரவைத்து என்2 நெடுஞ்சாலையில் போய் வந்தும் ஆகிவிட்டது.

கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "அது அவர்கள் விவகாரம்" என்று இந்த மடலை அங்கே தள்ளிவிடுவீர்கள். நான் கேட்பது உங்களால் மட்டுமே ஆகக்கூடிய காரியம். வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் லைசென்ஸ் டிஸ்க்கை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோமே, அப்போது அந்த வண்டிக்குச் செய்யப்படாத ரீகால் இருந்தால் ஒரு வரியில் சொல்லுங்கள். இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகங்களுக்கு வந்திருக்கும். தமிழிலும் எழுதக் காரணம், பழைய கார் வாங்கும் நம்மவர்கள் படிக்கட்டும் என்பதுதான்.

பிரேக் கெட்டால் கிறீச்சிடும், எஞ்சின் கெட்டால் புகையும். ஏர்பேக் சாஃப்ட்வேர் கோளாறு அப்படியல்ல. வண்டி மோதும் வேகத்தை உணர்ந்து, ஒரு நொடியின் நூறில் சில பங்குக்குள் ஏர்பேக்கை விரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஒரு சின்னப் பெட்டி. சீட் பெல்ட்டை இழுத்து இறுக்குவதும் அதுதான். என் மாடலில், அரிதான சில சூழ்நிலைகளில், அந்தப் பெட்டியின் சாஃப்ட்வேர் தான் சோதனை நிலையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு மோதும் நேரத்தில் சும்மா இருந்துவிடுமாம். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகூட எரியாது என்றார் டீலர். இப்படிப்பட்ட பிழைக்காகத்தான் 2016இல் ஜெனரல் மோட்டார்ஸ் உலகெங்கும் சுமார் 43 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதற்குள் ஒருவர் இறந்து மூவர் காயப்பட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே ஃபியட் கிரைஸ்லர் வேறொரு சாஃப்ட்வேர் பிழைக்காகச் சுமார் 12.5 லட்சம் பிக்கப் வண்டிகளைக் கூப்பிட்டது. அதிலும் ஒரு சாவு பேசப்பட்டது. ஓட்டுபவர் கண்ணுக்கோ காதுக்கோ எட்டாத கோளாறு இது. கடிதம் வந்தால்தான் தெரியும். வராவிட்டால் மோதிய பிறகுதான் தெரியும்.

டீலரைக் கூப்பிட்டேன். ரீகால் இருப்பது உண்மை, ஆனால் எங்கள் பதிவில் வேறொருவர் பெயர் இருக்கிறது என்று சொல்லி வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண், மிக இனிமையான குரலில், இன்னொருவருக்கு அனுப்பிய கடிதத்தைப் பற்றி என்னிடம் பேசத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது என்றார். கார் என்னுடையது, ஸ்டீயரிங்கில் இடிக்கப்போவது என் நெஞ்சு. இதில் யாருடைய அந்தரங்கம் கெடுகிறது என்று கேட்டேன். முந்தைய உரிமையாளரின் சம்மதக் கடிதத்தோடு வாருங்கள் என்றார்.

முந்தைய உரிமையாளர் காலமாகிவிட்டார். வண்டி விற்பனைக்கு வந்ததே அதனால்தான். எனக்கு விற்றவர் அவர் மனைவி. சாட்ஸ்வொர்த்தில் தனியாக இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். நான் போய் நின்றதும் டீ போட்டுக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னபோது உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். கணவர் பெயருக்கு வந்த தபால் எதையும் அவர் தூக்கிப் போடவில்லை, பிரிக்கவும் இல்லை. "அவங்க பேருக்கு வந்ததை நான் எப்படிங்க பிரிக்கிறது?" என்றார். மருந்துக்கடை விளம்பரம், பேங்க் காகிதங்களுக்கு நடுவில் கம்பெனியின் கடிதங்கள் இரண்டு. என்னைப் பிரித்துப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இத்தனை நாளும் என்னாலதான் உங்களுக்கு ஆபத்தா?" என்று கேட்டார்.

ஐயா, அம்மா, இந்தக் கேள்வி உங்களுக்கு வர வேண்டியது. அந்த அம்மா செய்ய வேண்டிய எதையும் விடவில்லை. உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று ரோட்வர்தி சான்றிதழ் எடுத்தோம். வரிசையில் நின்றேன், கட்டணம் கட்டினேன், என் பெயருக்குப் பதிவாகிவிட்டது என்று தாள் கொடுத்தீர்கள். கார் யாரிடம் இருக்கிறது என்பது அன்றிலிருந்து உங்கள் பதிவேட்டுக்குத் தெரியும். கம்பெனி மட்டும் இறந்தவருக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்த அம்மா கை நடுங்க ஒரு சம்மதக் கடிதம் எழுதித் தந்தார். அது போதாது, இறப்புச் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். கணவரின் இறப்புச் சான்றிதழை மறுபடி தேடி எடுக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தது எது? ஒரு கார் கம்ப்யூட்டரில் சில வரிகளை மாற்றி எழுதும் வேலை!

பணம் என்று வந்துவிட்டால் எங்களை நீங்கள் தொலைத்ததே இல்லை. மணிக்கு 60 போக வேண்டிய இடத்தில் 74 போனேன் என்று போட்டோவோடு வந்த கடிதம் வழிதவறவில்லை. ஜோபர்க்கில் இருக்கும் என் தம்பிக்கு 2013 டிசம்பரில் தொடங்கிய ஈ-டோல் என்ற மின்னணுச் சுங்கம், 2024 ஏப்ரலில் மூடும் வரை, சாலைக்கு மேலிருந்த ஒவ்வொரு கேமரா வளைவைக் கடந்ததற்கும் கணக்கு வைத்தது. நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து ஆளைக் கண்டுபிடிக்க இவ்வளவு பெரிய ஏற்பாடு செய்யத் தெரிந்த நாட்டில், "உங்கள் ஏர்பேக் விரியாமல் போகலாம்" என்று சொல்ல மட்டும் வழி இல்லையாம்.

சட்டம் இல்லாமலில்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 60ஆம் பிரிவில், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச்சொல்லி உற்பத்தியாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தைத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குத் தருகிறது. 2017 ஜனவரியில் ஃபோர்டு கூகா 1.6 வண்டிகள் 4,556 திரும்ப அழைக்கப்பட்டபோது நாடே பேசியது. அதற்கு 2015 டிசம்பரில் ஒருவர் காருக்குள்ளேயே எரிந்து சாக வேண்டியிருந்தது. மேலும் பல வண்டிகள் தீப்பிடித்த காட்சி எல்லோருடைய போனுக்கும் வர வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர் தீப்பிடிக்காது. வீடியோ எடுக்க அதில் ஒன்றுமில்லை. ஆகவே செய்தியும் இல்லை. உங்கள் இணையதளத்தில் ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று ஆகிவிடுகிறது.

மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஜெர்மனியில் உரிமையாளரின் இப்போதைய முகவரி மத்திய வாகனப் பதிவேட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பாதுகாப்பு ரீகாலைக் கடைசிவரை செய்யாத வண்டியைச் சாலையில் ஓட்டவே தடை போட முடியும். ஜப்பானில் தகாட்டா கம்பெனியின் ஏர்பேக் விவகாரத்துக்குப் பிறகு, 2018 மே மாதத்திலிருந்து, ஆபத்தான இன்ஃப்ளேட்டரை (ஏர்பேக்கை ஊதி விரிக்கும் பாகத்தை) மாற்றாத வண்டிகளுக்கு வாகனப் பரிசோதனையில் தேர்ச்சியே கிடையாது. நான் அவ்வளவு தூரம்கூடக் கேட்கவில்லை. டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவரின் வண்டியை நிறுத்தச் சொல்லும் எண்ணமும் எனக்கு இல்லை. சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் காரின் வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. ஒரு வயரைச் செருகினார்கள், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, காசும் வாங்கவில்லை. அதனால் இனி இது எனக்காகக் கேட்பதல்ல. இந்த ஊரில் நம்மில் பலர் ஓட்டுவது இரண்டாவது கை, மூன்றாவது கை வண்டி. அந்த வண்டிகளின் கடிதங்கள் எந்தெந்த வீட்டில் பிரிக்கப்படாமல் கிடக்கின்றனவோ.

எனவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். ரீகால் ஆன வண்டிகளின் சேசிஸ் எண்களைக் கம்பெனிகளிடமிருந்து வாங்கி உங்கள் பதிவேட்டோடு இணையுங்கள். டிஸ்க் புதுப்பிக்கும் அறிவிப்பிலும், கை மாறும்போது எடுக்கும் ரோட்வர்தி சான்றிதழிலும், செய்யப்படாத ரீகால் இருந்தால் அச்சடித்துக் காட்டுங்கள். என் டிஸ்க் ஆகஸ்டில் முடிகிறது. அதற்குள் ஆகாது என்றால், எப்போது ஆகும் என்றாவது ஒரு பதில் எழுதுங்கள். முகவரியை இங்கே தனியாகக் குறிப்பிடவில்லை. அபராதக் கடிதம் அனுப்பிய அதே முகவரிதான்.

இப்படிக்கு,
டர்பனிலிருந்து ஒரு கார் உரிமையாளர்