போர்ட்டில் சூடு பார்ப்பவன் எங்கே இருப்பான்?

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் ஒவனின் மின்சுற்றுப் பலகை, அதாவது போர்ட்டின் படமும் வந்து சேர்ந்தன. பென்ஷன் எடுத்தாலும் நீ சும்மா இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். மனிசி உன்னை ஒவனைக் கழற்ற விட்டதுதான் ஆச்சரியம். இங்கே எல்லோரும் சுகம். சோளகக் காற்று தொடங்கிவிட்டது, கடைக்குள் புழுதி கூட்டி முடியவில்லை. கறுத்தக்கொழும்பான் மாங்காய் இந்த முறை குறைவு, காய்த்ததிலும் பாதி அணிலுக்குப் போகிறது. மூத்தவளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது. வெயில் ஏற ஏற எனக்கும் வேலைக்குக் குறைவில்லை, ஏசி போர்ட்டுகள் மேசையில் அடுக்கிக் கிடக்கின்றன.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இந்தப் போர்ட்டில் எது வெப்பத்தை அளக்கிறது என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய படத்தில் அது இல்லை, மச்சான். ஒவனில் சென்சர் போர்ட்டில் இராது. சூட்டறைக்குள், பின்சுவரில் மெல்லிய உலோகக் குச்சியாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதிலிருந்து இரண்டு வயர் வந்து உன் போர்ட்டில் ஒரு சின்ன வெள்ளை கொனெக்டரில் ஏறும். உங்கள் பக்கத்து ஒவன்களில் பெரும்பாலும் அது பிளாட்டினம், 0 பாகை செல்சியஸில் 1000 ஓம் உள்ள வகை. உன் குசினி 21 பாகை என்றால் மீற்றர் 1080 சொச்சம் காட்ட வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டு, கொனெக்டரையும் கழற்றிவிட்டு அளந்து பார். மாட்டியபடி அளந்தால் போர்ட்டில் உள்ள றெசிஸ்ரர்களும் சேர்ந்து பொய் சொல்லும்.

ஆனால் நீ கேட்டது ஒவனுக்கு மட்டுமில்லை என்று நினைக்கிறேன். போர்ட் வேலை பழகுகிறவர்கள் எல்லோரும் உருவத்தை வைத்துத்தான் தேடுகிறார்கள். இதில் உருவத்தை நம்பமுடியாது. கலியாணம் பேசப் போகிறவர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அயலட்டையை விசாரிப்பார்களே, நானும் அப்படித்தான். ஒரு துண்டு எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். கரண்டைத் திறந்து மூடிச் சூடாகும் மொஸ்ஃபெட்டை ஒட்டி, சூட்டை வெளியேற்றும் ஹீற்சிங்கில் வெள்ளைப் பசை பூசி ஏதாவது சாய்த்து வைத்திருந்தால் அதுதான் ஆள். அறைக் காற்றை அளக்க வைத்த சென்சர் என்றால் நேர்மாறு. போர்ட்டின் ஓரத்தில், சூடான பாகங்களுக்குத் தூரத்தில் இருக்கும். சிலவேளை அதைச் சுற்றிப் போர்ட்டையே கோடு கோடாக வெட்டி விட்டிருப்பார்கள், செம்புப் பாதையும் நூல் மாதிரி ஒடுங்கியிருக்கும். மற்றப் பாகங்களின் சூடு போர்ட் வழியாக ஓடி வந்து அளவைக் குழப்பாமல் இருக்கத்தான். அந்த வெட்டைக் கண்டால் பெயர் எழுதியிருக்கத் தேவையில்லை.

பெயர் எழுதியிருந்தால் ஆர்டி (RT), டிஎச் (TH), என்டிசி (NTC) என்ற எழுத்துகளில் ஒன்று வெள்ளை மையில் இருக்கும். அதுவும் எல்லாப் போர்ட்டிலும் இல்லை. போர்ட்டோடு ஒட்டிய மிகச் சிறிய தெர்மிஸ்ரரை, அதாவது சூட்டுக்கு ஏற்பத் தடை மாறும் துண்டை, கப்பாசிற்றரிலிருந்து பிரித்தறியவே முடியாது, மேலே ஒரு எழுத்தும் இராது. கண்ணாடி உடம்புள்ள வகை அப்படியே சின்ன டயோட் மாதிரி, ஆனால் டயோட்டில் இருக்கும் கறுப்புக் கோடு இராது. டயோட் ஒரு பக்கம்தான் விடும், இது இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டும். பிறகு பாதையைப் பின்தொடர்ந்து போ. ஒரு பக்கம் தரைக்கோ சப்ளைக்கோ போகும். மறுபக்கம் ஒரு நிலையான றெசிஸ்ரரைச் சந்தித்து, அந்தச் சந்தியிலிருந்து நேராகப் போர்ட்டின் மூளையான மைக்ரோகொன்ட்ரோலரின் ஒரு காலுக்குப் போகும். அங்கே ஒரு குட்டிக் கப்பாசிற்றரும் இருந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

பௌதிகம் படிப்பித்த உனக்கு இதன் பூர்வீகம் பிடிக்கும். சூடேற உலோகங்களின் தடை கூடும் என்றுதானே நீ பெடியளுக்குச் சொல்லியிருப்பாய். வெள்ளி சல்பைட்டில் அது குறைகிறது என்று 1833இல் மைக்கேல் ஃபரடே கண்டார். இன்றைக்கு ஏசி, பிரிஜ், லப்டொப் பற்றரி எல்லாவற்றிலும் இருக்கும் என்டிசி தெர்மிஸ்ரர் வேலை செய்வதும் அதே குணத்தில்தான். சில பற்றரிகளில் பிளஸ், மைனஸ் தவிர மூன்றாவது வயர் ஒன்று வருகிறதே, அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் தெர்மிஸ்ரருக்குத்தான்.

போன கிழமை கடைப் பெடியன் ஒரு ஏசி சென்சரை அளந்துவிட்டு ஓடி வந்தான். "அண்ணை, இது 10 கே எண்டுதானே சொன்னியள், மீற்றர் ஏழரை காட்டுது. சனி பிடிச்சிட்டுது!" சிரித்துவிட்டு அவனை இருத்திச் சொன்னேன். 10 கே, அதாவது 10,000 ஓம், என்பது 25 பாகையில். எங்கள் கடைக்குள் 25 பாகை எந்தக் காலத்தில் வந்தது? 32 பாகையில் 3950 பீட்டா (சூட்டுக்குத் தடை எவ்வளவு மாறும் என்று காட்டும் எண்) உள்ள தெர்மிஸ்ரர் ஏழரைக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும், ஆகவே அது சுத்தமான சாமான். பிறகு சென்சரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னேன். ஏழு, ஆறே முக்கால், ஆறரை என்று இலக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. இந்த மெல்ல இறங்குவதைத்தான் பார்க்க வேண்டும். துள்ளித் துள்ளிப் போனால் உள்ளே வெடிப்பு. ஐஸ் தண்ணீரில் விட்டால் 32, 33 கே வரை ஏறும். வீட்டில் பரிசோதிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

மூன்று காலுள்ளவற்றில் கொஞ்சம் கவனம். ட்ரான்சிஸ்ரர் மாதிரியே ஒரு கறுப்புத் துண்டு, அதில் எல்எம்35 என்றோ 18பி20 என்றோ பொடி எழுத்தில் இருக்கும், பூதக்கண்ணாடி இல்லாமல் வாசிக்க இயலாது. எல்எம்35 பாகைக்கு 10 மில்லிவோல்ட் கொடுக்கும், 32 பாகையில் நடுக்காலில் 320. 18பி20 இலக்கமாகவே பேசும், அதன் நடுக்காலுக்கும் சப்ளைக்கும் இடையில் வழக்கமாக ஒரு 4.7 கே இருக்கும். தட்டைப் பக்கம் உன்னைப் பார்த்திருக்கப் பிடித்தால், எல்எம்35க்கு இடது கால் சப்ளை, வலது கால் தரை. 18பி20க்கு அப்படியே மாறி. ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டினால் விரல் சுடும் அளவுக்குக் கொதிக்கும்.

இன்னொரு பொறி, கரண்ட் உள்ளே வரும் வாசலில் நிற்கும் வட்டத் துண்டுகள். 10டி-9 என்று எழுதிய கறுப்பு வட்டமும் தெர்மிஸ்ரர்தான், ஆனால் அது எதையும் அளக்காது. சுவிட்சைப் போட்டவுடன் பாயும் கரண்டை முதல் நொடியில் மட்டுப்படுத்துவதுதான் அதன் வேலை. அதில் 10 என்பது ஓம், 9 என்பது மில்லிமீற்றர் விட்டம். பக்கத்திலேயே 10டி471 என்று ஒரு நீல வட்டம் நிற்கும். அது வோல்ட் அளவுமீறினால் போர்ட்டைக் காக்கும் வேரிஸ்ரர். அதில் 10தான் விட்டம், 471 என்றால் 470 வோல்ட். இப்படிப் பெயர் வைத்தவனை நான் ஒருநாள் சந்திக்க வேண்டும்.

சென்சரில் குற்றம் இல்லாமலே பழுது வருவதும் உண்டு. குருநகர்க் கடற்கரைப் பக்க வீடொன்றின் ஏசிக்கு, வேறொரு இடத்தில் போர்ட் மாற்றியும் பிழைக் குறி போகவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். குழாய் சென்சரின் கொனெக்டரைக் கழற்றினால் உள்ளே பின்கள் பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தன. உப்புக்காற்று. அந்தப் பாசியே தடையாகிச் சென்சரோடு சேர்ந்து நிற்க, குழாய் உண்மையில் இருப்பதைவிடக் குளிர் என்று மூளை நம்பிவிட்டது. கழுவித் துடைத்துப் புதுப் பின் போட்டேன். அவ்வளவுதான் வேலை, ஆனால் போர்ட்டுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

ஆகவே உன் ஒவனிலும் முதலில் கொனெக்டரைப் பார், பிறகு குச்சியை அள. 1080 ஓமுக்குக் கிட்ட வந்தால் குச்சியில் பிழையில்லை, போர்ட்டின் பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருந்தாய். புதுப் போர்ட் போடும்படி ஆனால் பழையதை எறிந்துவிடாதே, பெட்டிக்குள் போட்டுக் கொண்டு வா. அதில் இருக்கும் ரிலேக்கள் இங்கே எனக்கு உதவும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி