சாலிப்புழாவிலிருந்து திரும்பி வந்து

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குக் காலேஜ் அட்மிஷன் முடிந்துவிட்டது.

கோடஞ்சேரி போனதைப் பற்றிக் கேட்டிருந்தாய். கூடவே, "ரிஷிகேஷில் கங்கையிலேயே ராஃப்டிங் போனவன் நான், ஒரு ஓடையில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகை ஓட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது?" என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து உனக்குப் பதில் எழுதக் கை பரபரத்தது.

கோழிக்கோட்டுக்குக் கிழக்கே, மலையடிவாரத்து ஊர் அது. காட்டிலிருந்து வரும் இரண்டு ஓடைகள் துஷாரகிரியில் ஒன்றுசேர்ந்து சாலிப்புழா ஆகின்றன. பக்கத்திலேயே இருவஞ்ஞிப்புழா. இரண்டும் கடைசியில் போய்ச் சேருவது சாலியாற்றில். வெயில் காலத்தில் பாறைகள் மேலேயே நடந்து அக்கரை போய்விடலாம். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அதே பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் குதித்துக்கொண்டு வரும். கங்கையில் அந்த மழை மாதங்களில் ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள். இங்கே அப்போதுதான் ஆறே உயிரோடு இருக்கும். 2013இலிருந்து புலிக்கயத்தில் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்று கயாக் போட்டி நடத்துகிறார்கள். பல நாட்டிலிருந்தும் வருகிறார்கள். ஜெயித்தவர்களுக்கு ரேபிட் ராஜா, ரேபிட் ராணி என்று பட்டம்!

நீ போன கங்கையில் அலை பெரிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு அகலம். ஒரு பாய்ச்சல் முடிந்தால் மூச்சு வாங்க நீளமாக அமைதியான தண்ணீர் கிடைக்கும். செங்குத்தான சிற்றாற்றில் அது கிடையாது. ஒரு குதிப்பு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். படகைத் திருப்ப இடம் இல்லை. ஆழம் குறைவு என்பதால் கவிழ்ந்தால் தலை நேராகப் பாறையில் படும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தந்தது குறுக்கே விழுந்து கிடக்கும் மரங்கள்தான். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வான். முன்னால் யாராவது கரையில் இறங்கிப் பார்க்காமல் ஒரு வளைவைக்கூட நம்ப முடியாது.

படகும் வேறு மாதிரி. எட்டு ஒன்பது அடிதான் நீளம், தடித்த பிளாஸ்டிக், முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்து குண்டாக இருக்கும். தண்ணீருக்குள் அமுங்கினாலும் சட்டென்று மேலே வந்துவிட வேண்டும் என்பதற்காக அப்படி. இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் பாவாடை கட்டி, படகின் வாயை அதால் மூடிவிடுகிறார்கள். அதன் முன்பக்கத்தில் ஒரு வளையம் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். கவிழ்ந்து, நிமிர முடியாமல் போனால் அதை இழுத்துத்தான் வெளியே வர முடியும்.

அப்புறம் அந்தக் குதிப்பு. பூஃப் என்கிறார்கள். ஒரு பெண் செய்ததை மிகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விளிம்புக்கு வரும்வரை அவசரமே இல்லை. விளிம்பில் உடம்பை முன்னால் சாய்த்து, கறுத்து வழுக்கிக்கொண்டு இறங்கும் தண்ணீரில் துடுப்பை ஊன்றி ஒரே இழுப்பு. படகின் மூக்கு நிமிர்ந்தது. நுரையைத் தாண்டிப் போய்ப் 'பொத்'தென்று தட்டையாக விழுந்தாள். அந்த இழுப்பு அரை நொடி தாமதித்தால் மூக்கு கீழே குத்திவிடும். அருவியின் அடியில் தண்ணீர் திரும்பவும் அருவியை நோக்கியே சுழல்வதால் படகை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளை நுரையில் பாதி காற்று, அதில் துடுப்புக்குப் பிடிமானமே கிடைக்காது. அதனால்தான் கறுத்த தண்ணீரைத் தேடுகிறார்கள். உயரம் கூடினால் தட்டையாக விழவும் கூடாது, முதுகெலும்பு போய்விடும். அப்போது மூக்கைக் கீழே விட்டுத்தான் இறங்க வேண்டும்.

இதில் தைரியம்தான் பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பார்த்தபின் எனக்குத் தோன்றுவது, நிற்கத் தெரிவதுதான் பெரிய வித்தை. பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்திசையில் திரும்பி அடங்கியிருக்கும் ஒரு சின்ன இடம், எடி. இரண்டு படகு ஒதுங்கினாலே அதிகம். அதில் நுழைந்து நின்று, அடுத்த குதிப்பைப் பார்த்து, பின்னால் வருபவனுக்குக் கைகாட்டிவிட்டுத்தான் நகர்கிறார்கள். பிடிக்காத இடம் வந்தால் படகைத் தோளில் போட்டுக்கொண்டு பாறை வழியாக இறங்கிவிடுகிறார்கள். யாரும் அவர்களைக் குறைவாகப் பேசுவதில்லை.

மழையைத்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாவிட்டாலும் மேலே கொட்டினால் கொஞ்ச நேரத்தில் ஆறு ஏறிவிடும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் வர ஆரம்பித்தால் கரையேற வேண்டியதுதான். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனதே, அது வெள்ளரிமலைக்கு அந்தப் பக்கச் சரிவு. அன்றைக்குச் சாலியாற்றில் நிலம்பூர் வரை உடல்கள் மிதந்து வந்தன. அதை நினைக்காமல் அங்கே என்னால் நிற்க முடியவில்லை.

நான் ஓட்டிப் பார்த்தது கீழே, ஓட்டம் அடங்கிய பகுதியில் மட்டும்தான். அடுத்த ஜூலையில் நீயும் கட்டாயம் வா. அதற்குள் உங்கள் ஊர் நீச்சல் குளத்தில் கவிழ்ந்த படகை இடுப்பால் நிமிர்த்தப் பழகிக்கொள். அந்தத் தோள்வலியையும் முதலில் டாக்டரிடம் காட்டு, மலையோடைக்குத் தோள்தான் முக்கியம். லீவு எப்போது கிடைக்கும் என்று எழுது, ரயில் டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பங்காளி