நாங்கள் நடக்க மறுப்பவர்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் சென்ற வாரம் வந்த நடைப்பயிற்சிக் கட்டுரையைப் படித்தேன். நடந்தால் சர்க்கரை கட்டுப்படும், மூட்டு இறுகாது என்பதெல்லாம் சரிதான். நடுவே ஒரு வரி: "கட்டணமில்லாப் பேருந்து வந்த பிறகு, பெண்கள் இரண்டு நிறுத்தத் தூரம்கூட நடப்பதில்லை." அச்சுக்குப் போகுமுன் இதைத் தாங்களாவது நிறுத்தியிருக்கலாம்.

நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறேன். காலையில் கவுண்டருக்குள் போனால் இரவு ஒன்பதரை வரை நின்றபடிதான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. எங்கள் தளத்திலும் ஸ்டூல் போட்டார்கள். வாடிக்கையாளர் எதிரில் உட்காரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். தீபாவளி நெருங்கினால் வாடிக்கையாளர் இல்லாத நேரம் ஏது? கடை மூடும்போது கால் வீங்கி, செருப்பு வார் புறங்காலில் பதிந்து கிடக்கும். அந்தக் காலோடு பஸ்ஸுக்கு நிற்பவளைப் பார்த்து, நடக்க மாட்டாள் என்று எழுத எப்படித்தான் மனம் வந்ததோ.

பஸ் ஏறுவது சொகுசும் அல்ல. சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும்தான் எங்களுக்குக் கட்டணமில்லை என்பது தாங்கள் அறிந்ததே. டீலக்ஸ் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். ரோஸ் பெயின்ட் அடித்த சாதாரணக் கட்டண வண்டிக்குக் காத்து நிற்போம். அதுவும் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும். பையையும் முந்தானையையும் அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினால், "ஃப்ரீதானே, அடுத்த வண்டியில வர்றதுக்கென்ன?" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் விடுவதில்லை. டிக்கெட்டில் மிச்சமாகும் பணத்தில் என் மகள் டியூஷன் படிக்கிறாள். வாங்குகிற சோப்புக்கும் எண்ணெய்க்கும் வரி கட்டுகிறவர்கள்தான் நாங்களும்.

கட்டுரையோடு தாங்கள் போட்டிருந்த படம் பாண்டி பஜார் நடைபாதை வளாகம். 2019-ல் அதைத் திறந்தார்கள். 2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதை வந்தது. ஏறக்குறைய 570 மீட்டர் இருக்கும். இரண்டிலும் ஒரு மாலை நேரம் போய்ப் பாருங்கள். கைக்குழந்தைக்காரி, கோல் ஊன்றிய பெரியவர், கட்டைப்பை சுமக்கிறவர் எல்லாரும் நடக்கிறார்கள். பாதை கொடுத்தால் இந்த ஊர் நடக்கிறது.

எங்கள் அசோக் நகர் பக்கம் அப்படியா இருக்கிறது? நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். எங்கள் தெருமுனையில் ஏறுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டும். ஏறினால் வீட்டுக்கு வீடு கார் இறங்கச் சரிவு வெட்டியிருக்கிறார்கள். ஏறி, இறங்கி, மறுபடி ஏறி முழங்கால்தான் தேய்கிறது. அதைத் தாண்டினால் டிரான்ஸ்ஃபார்மர், அப்புறம் வரிசையாக பைக். வேறு வழியின்றிச் சாலையில் இறங்கினால் முதுகுக்குப் பின்னால் ஹாரன். மழைநீர் வடிகால் மேல் போட்ட சிலாப் ஒன்று ஒரு பக்கம் உடைந்து, மிதித்தால் ஆடுகிறது. கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டு அக்கா அதில் தடுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைக்குப் போகவில்லை. நாள்கூலிக்காரர் அவர். புகார் கொடுக்கப் போன இடத்தில், இது எங்கள் வேலை இல்லை, வேறு துறை என்றார்கள். அந்த வேறு துறையும் அதையேதான் சொன்னது. மழைக்காலம் வந்தால் தி.நகர் போகும் வழியில் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். பஸ்ஸும் இல்லை, நடையும் இல்லை, ஆட்டோக்காரர் கேட்டதுதான் கூலி.

காகிதத்தில் குறையே இல்லை. போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று 2014-லேயே சென்னை மாநகராட்சி கொள்கை வகுத்துவிட்டது. நல்ல நடைபாதை உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கட்டுரையாளர் இவற்றில் ஒன்றையாவது தொட்டிருக்கலாம். பஸ்ஸில் போகிறவள் வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கும், இறங்கிய இடத்திலிருந்து கடைக்கும் தினமும் நடக்கிறவள்தான். எங்களை நடக்காதவர்கள் என்று எழுதிவிட்டால், நடைபாதை போடாதவர்களை யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

அந்த உடைந்த சிலாப்பின் படத்தை, தெருவின் பெயரைப் பின்னால் எழுதி, இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கள் ஊர்க்குறைப் பகுதியில் நாலு வரியோடு வெளியிட்டால், யாராவது வந்து மாற்றிவிடுவார்கள் என்று நம்புகிறேன். பெண்கள் நடப்பதில்லை என்று எழுதிய அந்த வரிக்கு வருத்தம் தெரிவிப்பதும் தெரிவிக்காததும் தங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
அசோக் நகர், சென்னை